திரை வாங்கும் முன் அறையை அளப்போம்

தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்த பிறகு அதன் திரை என்ன நிறத்தில் இருக்கிறது? கறுப்பு என்று உடனே பதில் வரும். பழைய படக்குழாய்ப் பெட்டி ஏதேனும் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் அதைப் பகல் வெளிச்சத்தில் இறக்கி வைத்துப் பாருங்கள். அதன் திரை கறுப்பு அன்று. நல்ல சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் திரையில்தான் ஒரு தலைமுறையே, திருடன் இருட்டில் பதுங்கும் காட்சிகளைக் கண்டு இரசித்தது.

இதில் ஓர் எளிய உண்மை மறைந்திருக்கிறது. எந்தத் திரையும் ஒளியைத் தரத்தான் முடியும். அறையின் வெளிச்சம் அதன்மேல் விழுந்து சிதறித் திரும்புவதை எந்த மின்சுற்றாலும் தடுத்து நிறுத்த முடியாது. ஆகவே ஒரு திரை காட்டக்கூடிய கறுப்புக்கு ஓர் எல்லை உண்டு. அதே அறையில், அதே வெளிச்சத்தில், அணைந்திருக்கும்போது அது எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறதோ, அதுதான் அந்த எல்லை. விலை பத்தாயிரம் ஆனாலும் பத்து இலட்சம் ஆனாலும் இந்த விதி மாறாது.

கடையில் இதை யாரும் சொல்வதில்லை. அங்கே பெட்டிக்குப் பெட்டி எண்கள்தாம் ஒட்டப்பட்டிருக்கின்றன: பத்து இலட்சத்துக்கு ஒன்று என்ற ஒளிமாறுபாடு, 4கே, 8கே, நூறு கோடி வண்ணங்கள். பல வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி என்பது தவணை கட்டி வாங்கும் பொருள். அந்தப் பணத்தில் எவ்வளவு கண்ணுக்குப் போய்ச் சேருகிறது, எவ்வளவு அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்குப் போகிறது என்பதை உயர்நிலைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். வீட்டில் பெரியவர்கள் பெட்டி வாங்கப் புறப்படும் முன் நீங்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்கலாம்.

இரண்டு அறைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, வாசலை ஒட்டிய கூடம். குழல்விளக்கு எரியும், சன்னல் திறந்திருக்கும், ஆட்கள் வந்துபோவார்கள். மற்றொன்று, பின்பக்கத்துச் சிறிய அறை. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. இரண்டுக்கும் ஒரே பெட்டி பொருந்துமா?

கறுப்பின் கணக்கு

ஒரு பரப்பின்மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறோம். ஒரு பரப்பு நம் கண்ணை நோக்கி எவ்வளவு ஒளிர்கிறது என்பதைச் சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று சொல்கிறோம். தொலைக்காட்சிக்காரர்கள் இதைச் சுருக்கமாக நிட் என்பார்கள். மங்கலான பரப்பின்மேல் விழும் லக்ஸை அதன் எதிரொளிப்புத் திறனால் பெருக்கி, பை என்ற எண்ணால் வகுத்தால் நிட் கிடைக்கும்.

திரை, தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் 2 பங்கைச் சிதறவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குழல்விளக்கு எரியும் கூடத்தில் திரைமேல் விழும் ஒளி 100 லக்ஸ் என்க. 100-ஐ 0.02-ஆல் பெருக்கி 3.14-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.64 நிட். விளக்கணைத்த பின்னறையில், கதவிடுக்கு வழியாக வரும் வெளிச்சம் 5 லக்ஸ் என்றால் கிடைப்பது 0.03 நிட். இந்தச் சாம்பல் பூச்சு, படத்தின் எல்லாப் பகுதிகளோடும், வெள்ளையோடும் கறுப்போடும், கூட்டல் குறியாகச் சேர்ந்துகொள்கிறது.

இப்போது இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைப்போம். இரண்டின் வெள்ளையும் 300 நிட். முதல் பெட்டி சாதாரண எல்.சி.டி.; தானாகவே ஆயிரத்துக்கு ஒன்று என்ற ஒளிமாறுபாடு உடையது. அதாவது அதன் கறுப்பு 0.3 நிட். இரண்டாவது ஓ.எல்.ஈ.டி. வகை, அதன் கறுப்பு சுழி என்றே கொள்ளலாம். கூடத்தில் முதல் பெட்டியின் வெள்ளை 300.64, கறுப்பு 0.94. வகுத்தால் 320. இரண்டாம் பெட்டிக்கு 300.64-ஐ 0.64-ஆல் வகுக்க, 470. பத்து இலட்சம் எங்கே போயிற்று? கூடத்துக் குழல்விளக்கு விழுங்கிவிட்டது! 320-க்கும் 470-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. நம் கண் ஒளியை விகிதங்களாக உணர்வது. ஒன்றரை மடங்கு என்பது அதற்கு ஒரு சிறு படிதான்.

பின்னறைக்கு வாருங்கள். முதல் பெட்டியின் கறுப்பு 0.33, ஒளிமாறுபாடு 900. இரண்டாவதற்கு 300.03-ஐ 0.032-ஆல் வகுக்க, 9,400 வருகிறது. இங்கே வேறுபாடு பத்து மடங்கு. இதைக் காண இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் உள்ள பாட்டியே சொல்லிவிடுவார்.

ஆக, அதிக விலை கொடுத்து வாங்கும் கறுப்பு இருட்டறையில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. பகலில் சன்னல் திறந்த கூடத்தில் திரைமேல் 300 லக்ஸ் விழுந்தால் இரண்டு பெட்டிகளும் ஏறத்தாழ ஒன்றுதான். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்; 137-உம் 158-உம் வரும். கூடத்துக்கு வாங்குபவர் அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் சன்னலுக்குத் தடித்த திரைச்சீலை வாங்கச் செலவிட்டால் படம் அதைவிட நன்றாகத் திருந்தும் என்பது என் கருத்து.

திரைக்குள்ளே என்ன நடக்கிறது?

எல்.சி.டி.யின் கறுப்பு ஏன் முழுக் கறுப்பு ஆவதில்லை? அதற்குத் திரவப் படிகத்தின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1888-ஆம் ஆண்டு பிரீட்ரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலார், கொலஸ்டிரால் சேர்ந்த ஒரு பொருளைச் சூடாக்கினார். அது ஒரு முறை உருகிக் கலங்கலான நீர்மமாயிற்று. மேலும் சூடாக்கியதும் இரண்டாம் முறை மாறித் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா? இடைப்பட்ட அந்தக் கலங்கல் நிலையில் மூலக்கூறுகள் நீர்மம்போல் ஓடுகின்றன; ஆனால் படிகம்போல் ஒரே திசை நோக்கி அணிவகுத்தும் நிற்கின்றன. மின்புலத்தைக் கொடுத்தால் அந்த அணிவகுப்பைத் திருப்ப முடியும். எண்பது ஆண்டுகள் கழித்து, 1968-இல், அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழுவினர் இதைக் கொண்டு முதல் காட்சித் திரைகளைச் செய்து காட்டினார்கள்.

இன்றைய திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிகிறது. முன்னும் பின்னும் இரண்டு தளவிளைவுப் படலங்கள், நடுவில் திரவப் படிகம். ஒளியலை ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்டுவது தளவிளைவு என்று படித்திருக்கிறீர்கள். இரண்டு படலங்களின் அச்சுகளும் செங்குத்தாக இருந்தால் ஒளி வெளியே வராது. நடுவில் உள்ள மூலக்கூறுகள் தளத்தைத் திருப்பினால் வெளியே வரும். இந்தப் பாடத்தை நடத்தும்போது, பழைய கால்குலேட்டர் ஒன்றின் முகப்பிலிருந்து உரித்த படலத்தை வகுப்பில் காட்டுவது என் வழக்கம். அதை வேறொரு கால்குலேட்டரின்மேல் வைத்துச் சுழற்றினால் ஒரு கோணத்தில் முகப்பு முழுவதும் கறுத்துவிடும்.

கோட்பாட்டின்படி 90 பாகையில் வெளிவரும் ஒளி சுழி. ஆனால் படலங்கள் முழு நிறைவானவை அல்ல. மூலக்கூறுகளும் வெப்பத்தால் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கின்றன. எனவே ஆயிரத்தில் ஒரு பங்கு கசிகிறது. மூடிய கதவின் இடுக்கு வழியே கூடத்து வெளிச்சம் கசிவதைப் போலத்தான்.

கடைகளில் எல்.ஈ.டி. டி.வி. என்று விற்பவை எல்லாம் இந்த எல்.சி.டி.யே. பின்னால் எரியும் விளக்கு மட்டும் எல்.ஈ.டி. இதைப் புதிய வகை என்று நினைத்து ஏமாற வேண்டாம். குவாண்டம் புள்ளிகள் என்று விளம்பரம் செய்யப்படுபவையும் பெரும்பாலும் இதே குடும்பம்தான். அந்தப் புள்ளிகள் நிறத்தைத் தூய்மையாக்குகின்றன, கறுப்பைக் கறுப்பாக்குவதில்லை. (குவாண்டம் புள்ளிகளுக்காக 2023-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆய்வு உயர்ந்ததுதான், விளம்பரத்தைப் பற்றித்தான் என் குறை.)

எல்.சி.டி.யிலேயே இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. ஐ.பி.எஸ். என்ற வகையில் மூலக்கூறுகள் கண்ணாடிக்கு இணையாகவே படுத்துத் திரும்புகின்றன. பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. ஆனால் கறுப்பு ஆயிரத்தில் ஒன்று அளவில்தான் நிற்கும். வி.ஏ. என்ற வகையில் மூலக்கூறுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கின்றன. கறுப்பு மூன்று, நான்கு மடங்கு ஆழமானது. ஆனால் ஓரத்திலிருந்து பார்ப்பவருக்குப் படம் வெளிறிவிடும். கூடத்தில் பாயில் ஒருவர், ஊஞ்சலில் ஒருவர், சமையலறை வாசலில் ஒருவர் என்று பார்க்கும் வீட்டுக்கு ஐ.பி.எஸ். ஏற்றது. நேர் எதிரே இருவர் மட்டும் உட்காரும் பின்னறைக்கு வி.ஏ. நல்லது. அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் இந்த விவரம் இருக்காது. ஆனால் கடையில் பெட்டியின் முன் நின்று, பக்கவாட்டில் நான்கடி நடந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

திரவப் படிகங்களைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டுப் பங்கு ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. அதுவரை அறிந்த திரவப் படிகங்கள் எல்லாம் குச்சி வடிவ மூலக்கூறுகளால் ஆனவை. தட்டு வடிவ மூலக்கூறுகளும் அவ்வாறு அணிவகுக்கும் என்பதை 1977-இல் பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்தார்கள். பின்னாளில், பக்கவாட்டில் பார்த்தாலும் கணிப்பொறித் திரை மங்காமல் இருப்பதற்காக ஒட்டப்பட்ட படலங்களில் அந்தத் தட்டு மூலக்கூறுகள் இடம்பெற்றன.

ஓ.எல்.ஈ.டி.யின் வழி வேறு. இதில் பின்விளக்கே இல்லை. மின்னோட்டம் பாய்ந்தால் ஒளிவிடும் கரிமச் சேர்ம அடுக்குகள் ஒவ்வொரு படப்புள்ளியிலும் உண்டு. மின்னோட்டத்தை நிறுத்தினால் அந்தப் புள்ளி உண்மையாகவே இருண்டுவிடும். கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இது வளர்ந்தது. 2007-இல் சோனி 11 அங்குலப் பெட்டி ஒன்றை விற்றது. 2013-இல் 55 அங்குலத் திரைகள் சந்தைக்கு வந்தன. இதே போலப் புள்ளிதோறும் ஒளிவிட்ட பிளாஸ்மா திரைகளைப் பெரிய நிறுவனங்கள் 2014-ஆம் ஆண்டோடு கைவிட்டுவிட்டன.

ஓ.எல்.ஈ.டி.க்கும் ஒரு நோய் உண்டு. அதன் கரிமச் சேர்மங்கள் எரிய எரியத் தேய்கின்றன. நீலம் தருபவை விரைவாகத் தேய்கின்றன. செய்தி அலைவரிசையைக் காலை முதல் இரவு வரை ஓடவிடும் வீடுகளில், திரையின் மூலையில் உள்ள அலைவரிசைச் சின்னமும் அடியில் ஓடும் பட்டையும் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். சில ஆண்டுகளில் அந்தச் சின்னத்தின் நிழல் நிலையாகத் தங்கிவிடக்கூடும். கூடத்துக்கு இது பொருந்தாது என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

கோடு போட்டுப் பார்ப்போம்

அடுத்தது 4கே, 8கே பற்றிய கேள்வி. ஒரு வெள்ளைத் தாளில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் கறுப்புக் கோடு ஒன்று போடுங்கள். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இன்னொன்று. இவ்வாறு பத்துக் கோடுகள் போட்டுத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பின்னோக்கி நடந்து செல்லுங்கள். ஓரிடத்தில் கோடுகள் மறைந்து ஒரே சாம்பல் பட்டையாகிவிடும். அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து அளந்து பாருங்கள்.

ஒரு பாகையை 60 கூறிட்டால் ஒரு கூறு ஒரு கலை. இயல்பான கண் ஒரு கலை அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும். ஒரு மில்லிமீட்டர், ஒரு கலையாகத் தெரியும் தொலைவு 3.4 மீட்டர், அதாவது 11 அடி. உங்கள் வயதில் பலருக்குக் கண் இதைவிடக் கூர்மையாக இருக்கும்; இன்னும் இரண்டடி பின்னே செல்ல முடியும். கண்ணாடி போட வேண்டியவர் ஆறடியிலேயே நின்றுவிடுவார். வீட்டில் எல்லோரையும் நடக்க வைத்துப் பாருங்கள். கண் மருத்துவரிடம் போக வேண்டியவர் யார் என்பதும் இதில் தெரிந்துவிடும்!

இனித் திரைக்கு வருவோம். 43 அங்குலத் திரையின் அகலம் 95 சென்டிமீட்டர். முழு ஹெச்.டி. என்றால் அந்த அகலத்தில் 1,920 புள்ளிகள். ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். அதைப் பிரித்தறிய 1.7 மீட்டருக்குள் உட்கார வேண்டும். 4கே திரையில் 3,840 புள்ளிகள். ஒரு புள்ளி கால் மில்லிமீட்டர். அதற்கு 85 சென்டிமீட்டருக்குள், அதாவது மூன்றடிக்கும் குறைவாக, நெருங்க வேண்டும். நம் கூடத்தில் சோபா பத்தடி தள்ளி, மூன்று மீட்டரில் கிடக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஏறத்தாழ 75 அங்குலம் வரை முழு ஹெச்.டி.யும் 4கேயும் கண்ணுக்கு ஒன்றுதான். இன்று 55 அங்குலத்தில் 4கே அல்லாத பெட்டி கிடைப்பதே அரிது. எனவே அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 8கே என்ற எழுத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

எவ்வளவு பெரிய திரை வேண்டும்? திரைப்பட அனுபவம் கிடைக்கத் திரை நம் கண்ணில் ஏறத்தாழ 30 பாகை விரிந்திருக்க வேண்டும் என்பது துறையினர் கொள்ளும் அளவு. ஜப்பானின் என்.ஹெச்.கே. ஒலிபரப்பு நிறுவனம் 1964-இல் தொடங்கிய உயர்தெளிவுத் தொலைக்காட்சி ஆய்வும், திரையின் உயரத்தைப்போல மூன்று மடங்குத் தொலைவு என்ற இதே அளவில்தான் வந்து நின்றது. மூன்று மீட்டர் தொலைவில் 30 பாகை வேண்டுமானால் திரை 72 அங்குலம் இருக்க வேண்டும். விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறதா? நாற்காலியை இரண்டரை அடி முன்னே இழுத்துப் போடுங்கள். 2.3 மீட்டரில் 55 அங்குலத் திரையே அந்த 30 பாகையைத் தந்துவிடும். நாற்காலியை இழுப்பதற்குத் தவணை கட்ட வேண்டியதில்லை.

கண்ணாடிச் சோதனை

இதுவரை பார்த்தது சிதறி வரும் ஒளி. பளபளப்பான திரை ஆடிபோலவும் நடந்துகொள்ளும்; எதிர்ச் சன்னல் அதில் அப்படியே தெரியும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற விதி இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. திரை வரப்போகும் சுவரில், அதன் நடுப்பகுதி அமையும் உயரத்தில், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடியைச் சுவரோடு ஒட்டியபடியே, திரையின் நான்கு மூலைகளுக்கும் நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் குழல்விளக்கோ சன்னலோ பூசை மாடத்துப் பல்போ தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் நாளை படத்தின் நடுவே அது மின்னும். பகலில் ஒரு முறையும் விளக்கு வைத்த பிறகு ஒரு முறையும் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் எதிர்ச் சுவரைவிடச் சன்னலுக்குப் பக்கச் சுவரே நல்ல இடமாக அமையும்.

பின்னறையில் வெள்ளைச் சுவரும் ஒரு தொல்லை. திரையின் ஒளியே சுவரில் பட்டுத் திரும்பித் திரைமேல் விழும். விளக்கை அணைத்துவிட்டாலும் படம் தன் கறுப்பைத் தானே கெடுத்துக்கொள்ளும். திரைக்கு எதிரே உள்ள சுவருக்கு மட்டும் மினுமினுப்பு இல்லாத அடர்ந்த வண்ணம் பூசினால் போதும். முழு இருட்டில் கண் சோர்ந்தால், திரைக்குப் பின்னால், அதன் முகத்தில் படாதபடி சிறு விளக்கு ஒன்றை வைக்கலாம்.

கடையில்

கடையில் பெட்டிகள் எல்லாம் உச்ச ஒளிர்வில், நீலம் கலந்த வெள்ளையில் எரிந்துகொண்டிருக்கும். நீலச் சாயை வெள்ளையைப் பளிச்சென்று காட்டும். படம் தயாரிப்பவர்கள் கொள்ளும் வெள்ளை 6,500 கெல்வின் அளவில், இதைவிடச் சற்று மஞ்சளானது. அமைப்புப் பட்டியலில் சினிமா அல்லது திரைப்படம் என்ற நிலையைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். முதலில் மங்கலாகத் தோன்றும். இரண்டு நிமிடத்தில் கண் பழகிவிடும். பிறகு பாருங்கள், மனித முகங்கள் மனித முகங்களாகத் தெரியும்.

பத்து இலட்சத்துக்கு ஒன்று என்ற எண்ணை எல்.சி.டி. பெட்டியில் கண்டால், அது எப்படி அளக்கப்பட்டது என்று கேளுங்கள். முழு வெள்ளைப் படத்தை ஒரு முறையும், பின்விளக்கைத் தணித்து முழுக் கறுப்புப் படத்தை மறுமுறையும் அளந்து வகுத்த எண்ணாக இருக்கலாம். ஒரே படத்தில் நிலவும் வானமும் சேர்ந்திருக்கும்போது அந்த எண் உதவாது. பின்விளக்கை நூற்றுக்கணக்கான கட்டங்களாகப் பிரித்துத் தனித்தனியே தணிக்கும் பெட்டிகளும் உண்டு. அவை இதில் மேல். ஆயினும் ஒரு கட்டத்துக்குள் ஆயிரக்கணக்கான புள்ளிகள் அடங்குவதால், நிலவைச் சுற்றி ஒரு மங்கலான ஒளிவட்டம் தெரியும்.

இதைச் சோதிக்க, முழுக் கறுப்புப் பின்னணியில் நடுவே சிறிய வெள்ளைச் சதுரம் வரைந்த படம் ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். கடையின் வெளிச்சத்தில் எந்தப் பெட்டியின் கறுப்பையும் பார்க்க முடியாது. காரணம் உங்களுக்கு இப்போது தெரியும். அதனால் அடர்ந்த கறுப்புத் துணி ஒன்றும் வேண்டும். பழைய காலத்துப் புகைப்படக்காரரைப்போல் தலையையும் திரையின் மூலையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். துணிக்குள்ளே சாம்பல் வெளிச்சம் பரவியிருந்தால் அது கூடத்துக்கு உரிய பெட்டி. வெள்ளைச் சதுரத்தின் அருகே மட்டும் ஒளி பரவி, மூலை இருண்டிருந்தால் அது கட்டம் பிரித்த பின்விளக்கு. எங்கே திரை முடிகிறது, எங்கே சட்டம் தொடங்குகிறது என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்ற நிலை வந்தால், அதன் விலையைக் கேட்கலாம்; பின்னறைக்கு.